எல்லாம் வெப்சைட்லயே இருக்கு!

"ஆபீஸ் சாயங்காலம் எத்தனை மணி வரைக்கும் சார்?"

கேட்டவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஐந்தே முக்கால் என்று பதில் வந்தால் வாசலோடு திரும்பிவிடலாம் என்பது அவர் போட்ட கணக்கு. வெப்சைட் சாரிடம் அந்தக் கணக்கு பலிக்காது. "அதான் எல்லாம் வெப்சைட்லயே இருக்கே!" என்று சொல்லிவிட்டு உள்ளே போவார். மடிக்கணினி வரும், அதன் பின்னாலேயே சார்ஜர் வரும், கண்ணாடி வரும். கேட்டவர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருவதைத் தவிர வேறு வழியில்லை.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. ரேஷன் கார்டிலும் பென்ஷன் புத்தகத்திலும் அது பத்திரமாக இருக்கிறது. குடியிருப்பில் யாரும் அதைச் சொல்வதில்லை. வங்கியிலிருந்தோ மின்வாரியத்திலிருந்தோ டெலிபோன்ஸிலிருந்தோ ஓய்வு பெற்றவர்; எதிலிருந்து என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. முப்பத்தைந்து வருஷம் கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர், ஒருநாள் திடீரென்று இந்தப் பக்கம் வந்து வரிசையில் நிற்கவேண்டியதாயிற்று. அந்த அதிர்ச்சியில் அவர் கண்டுபிடித்த மூன்றாவது பக்கம்தான் வெப்சைட்.

கூகிளில் தேடிப் போவது அவர் கணக்கில் சுவரேறிக் குதிப்பது. முகப்பு வழியாகத்தான் நுழையவேண்டும். "கூகிள்ல போட்டா முதல்ல வர்றதெல்லாம் ஏஜென்ட் சைட்டு. பார்க்க அரசாங்கம் மாதிரியே இருக்கும், நம்பிடாதீங்க. கடைசியில டாட் ஜிஓவி டாட் இன் இருக்கணும். இல்லேன்னா டாட் என்ஐசி டாட் இன்." இதில் அவர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. பால் பாக்கெட்டில் தேதி பார்ப்பதுபோல முகவரியின் வாலைப் பார்த்துவிட்டே உள்ளே போவார். போனதும், மேலே ஓடும் அறிவிப்பை ஒரு சுற்று முழுக்கப் படிப்பார். ஓரத்தில் 'புதியது' என்று சிவப்பில் கண்சிமிட்டும் சுற்றறிக்கைக்கு நான்கு வயது ஆகிறது. அடியில், "இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் பார்த்தால் தெளிவாகத் தெரியும்" என்று ஒரு வரி. அந்த உலாவிக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனமே 2022 ஜூன் 15-ஆம் தேதி பால் ஊற்றியாகிவிட்டது. அந்த வரிக்கு இன்னும் யாரும் தகவல் சொல்லவில்லை.

"மெனுவுல நாலாவது. 'சேவைகள்'னு இருக்கும், அதைத் தொடாதீங்க, அது சும்மா. 'பிற சேவைகள்' போங்க. உள்ள 'இங்கே சொடுக்கவும்'னு மூணு இருக்கும். நடுவுல இருக்கறதுதான் நமக்கு." கிராமத்துப் பெரியவர்கள் பிள்ளையார் கோயிலைத் தாண்டி, ரைஸ் மில்லுக்கு எதிர்ச் சந்து என்று வழி சொல்வார்களே, அதே சுருதி. ஆனால் ரைஸ் மில் ஒரே ராத்திரியில் இடம் மாறாது. ஒரு துறை தன் தளத்தைப் புதுப்பித்த அன்று, பஸ் பிடிக்கக் கோயம்பேட்டுக்கே போய்ப் பழகியவரைக் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிட்டதுபோல விழித்தார். இரண்டு நாள் காலை நடைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் பூங்கா வாசலிலேயே எல்லோரையும் நிறுத்தி, "கண்டுபிடிச்சுட்டேன். 'காப்பகம்'னு ஒண்ணு வெச்சிருக்கான். அதுக்குள்ள போட்டுப் பூட்டி வெச்சிருக்கான்!" என்றார். காணாமல் போன பசுமாடு கிடைத்தவர் முகம்.

இதெல்லாம் ஆலாபனை. கச்சேரி களைகட்டுவது, கோப்பு இறங்கி, "கடவுச்சொல்லை உள்ளிடவும்" என்று ஒரு கட்டம் திரையின் நடுவில் வந்து நிற்கும்போதுதான்.

நாமெல்லாம் பதறுகிற அந்த இடத்தில் அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொள்வார். பூட்டு இல்லாத கோப்பை அவர் கோப்பாகவே மதிப்பதில்லை. "இ-ஆதாரா? பேர்ல முதல் நாலு எழுத்து, கேப்பிடல்ல. அதோட பொறந்த வருஷம். இ-பான் கார்டா? பொறந்த தேதி, மாசம், வருஷம், மொத்தம் எட்டு இலக்கம், நடுவுல கோடு கிடையாது. இன்கம்டாக்ஸ் ஏஐஎஸ்ஸா? பான் நம்பர், ஆனா சின்ன எழுத்துல. அதோட பொறந்த தேதி." பான் அட்டையில் கொட்டை எழுத்தில் அச்சடித்துக் கொடுத்த எண்ணை இங்கே மட்டும் ஏன் சின்ன எழுத்தில் அடிக்கவேண்டும் என்று ஒருமுறை ஒருவர் கேட்டுவிட்டார். சன்னிதியில் செருப்போடு நுழைந்தவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "செக்யூரிட்டி சார், செக்யூரிட்டி."

யாரிடமிருந்து செக்யூரிட்டி என்பதுதான் புரிவதில்லை. பெயரும் பிறந்த ஆண்டும் அச்சிட்ட ஒரு தாள். அதைத் திறக்கும் சாவி, அதே பெயரும் அதே ஆண்டும். வீட்டைப் பூட்டிச் சாவியை நிலைப்படி மேல் வைத்துவிட்டு ஊருக்குப் போவார்களே, அந்த வகைப் பூட்டு. இதன் பக்கவிளைவு, குடியிருப்பில் உள்ள இருபத்துநான்கு வீட்டாரின் பிறந்த ஆண்டும் அவருக்கு அத்துப்படி ஆகிவிட்டது. தலைக்குச் சாயம் பூசி, ஐம்பதைத் தாண்டாமல் ஐந்தாறு வருஷமாக நின்றுகொண்டிருந்த ஒருவரை லிஃப்ட்டில் பார்த்து, "என்ன சார், அடுத்த வருஷம் அறுபதாம் கல்யாணமா, திருக்கடையூரா?" என்று சத்தமாகக் கேட்டார். லிஃப்ட்டில் நான்கு பேர் இருந்தார்கள். அன்றிலிருந்து அந்த மனிதர் படிக்கட்டில்தான் போகிறார்.

நாலு எழுத்து என்று சொல்வது சுலபம். தமிழன் பெயரில் அதை எங்கிருந்து எண்ணுவது? முன்னால் காவலாள் மாதிரி ஓர் இன்ஷியல் நிற்கிறதே. இந்தக் கேள்வி வந்தால் வெப்சைட் சாருக்குப் பாயசம் கிடைத்த மாதிரி. ஆதார் ஆணையமே இதற்கு உதாரணம் கொடுத்திருக்கிறது. பி. குமார், பிறந்தது 1990 என்றால், பி, ஒரு புள்ளி, கே, யூ, 1990. புள்ளியும் ஓர் எழுத்தாகக் கணக்கில் வரும்; புள்ளிக்குப் பின்னுள்ள இடைவெளி வராது. ரியா என்று ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துள்ள பெயரானால் அந்த மூன்றோடு ஆண்டைச் சேர்த்தால் போதும், நாலாவதை யாரிடமும் கடன் வாங்கவேண்டாம். தொல்காப்பியர் இருந்திருந்தால் புள்ளி பெறும் எழுத்துகளில் இதையும் சேர்ப்பதா என்று யோசித்திருப்பார். "உங்க அப்பா புள்ளியோட இருக்காரா, புள்ளி இல்லாம இருக்காரா?" என்று வெப்சைட் சார் கேட்க, அப்பாவை இழந்து நாற்பது நாள்கூட ஆகாத ஒரு பையன் திருதிருவென்று விழித்ததும் நடந்திருக்கிறது.

மூன்றாம் மாடி டீச்சரின் ஆதார் திறந்த கதைக்கு மூன்று பிற்பகல்கள் ஆயின. முதல் நாள், ஓடிபி. அது துபாயில் இருக்கும் மகனின் பழைய சென்னை எண்ணுக்குப் போயிற்று. ஓடிபியின் ஆயுள் பத்து நிமிடம். மகன் மீட்டிங்கிலிருந்து வெளியே வந்து வாட்ஸாப்பில் அனுப்பியபோது பதினோராவது நிமிடம். இப்படி நான்கு முறை. இரண்டாம் நாள், கோப்பு இறங்கியது, திறக்கவில்லை. டீச்சர் முப்பத்தைந்து வருஷம் வருகைப் பதிவேட்டில் ஜே, இ என்று தொடங்கிக் கையெழுத்துப் போட்ட ஜெயலட்சுமி. பதிவு செய்த பிள்ளை ஜே, ஏ என்று தட்டிவிட்டிருந்தான். டீச்சர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எத்தனை பிள்ளைகளின் நோட்டில் இப்படி ஓரெழுத்துப் பிழையைச் சிவப்பு மையால் சுழித்திருப்பார்!

மூன்றாம் நாள் எழுத்து சரி, கோப்பு அசையவில்லை. டீச்சர் 1964 என்று அடித்துச் சொன்னார். தனுஷ்கோடிப் புயல் அடித்தபோது அவர் நாலு மாசக் குழந்தை, அம்மா சொல்லியிருக்கிறார். வெப்சைட் சார் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். அவர் குரல் அப்படித் தணிந்து யாரும் கேட்டதில்லை.

"டீச்சர், உங்களை ஸ்கூல்ல சேர்த்தப்ப கை காதுக்கு எட்டுச்சா?"

தலைக்கு மேலே கையைக் கொண்டுபோய் எதிர்ப் பக்கக் காதைத் தொட்டால் ஒன்றாம் வகுப்பு. தொடாவிட்டால் அடுத்த வருஷம். டீச்சருக்கு எட்டவில்லை. தலைமையாசிரியர் தாய்மாமாவுக்குத் தெரிந்தவர். போகட்டும் என்று ஒரு வருஷத்தைக் கூட்டி எழுதிச் சேர்த்துக்கொண்டார்.

"எனக்கும் அதே கதைதான்," என்றார் வெப்சைட் சார். "பொறந்தது தை மாசம். சர்டிபிகேட்ல ஜூன் ஒண்ணு. எங்க கிளாஸ்ல பாதிப்பேருக்கு ஜூன் ஒண்ணுதான் பொறந்தநாள்." பிறகு 1963 என்று அடித்தார். கோப்பு திறந்துகொண்டது. கிட்டத்தட்ட அறுபது வருஷத்துக்கு முன் ஒரு வாத்தியார் போட்ட பொய் மட்டும்தான் அந்தப் பூட்டுக்குச் சாவியாக இருந்தது. டீச்சர் சிரித்துவிட்டார், சார் காபி கொடுக்கச் சொன்னார். அவர்மேல் இருந்த எரிச்சலெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் கரைந்து போனது உண்மை.

அடுத்த நிமிடம் திரும்பி வந்தது. ஏனென்றால் அவர் டீச்சரை விடவில்லை. "இருங்க, இன்னும் பச்சை ஆகல."

கோப்பின் அடியில் கையொப்ப இடத்தில் மஞ்சளாக ஒரு கேள்விக்குறி இருந்தது. நாம் கவனித்திருக்கவே மாட்டோம். அவருக்கு அது உறுத்தும், வெள்ளை வேட்டியில் விழுந்த சாம்பார்த் துளிபோல. வலப்பக்கப் பொத்தானை அழுத்தினார், கையொப்பத்தைச் சரிபார் என்றார், பண்புகள் என்றார், சான்றிதழைக் காட்டு என்றார், நம்பிக்கை என்ற தாவலுக்குப் போய் இதை நம்பு என்றார், சரி, மறுபடி சரி, இன்னொரு முறை சரிபார். மஞ்சள் மறைந்து பச்சை டிக் வந்தது. திரையை டீச்சர் பக்கம் திருப்பிக் கற்பூரம் காட்டுவதுபோல நிறுத்தினார். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், அதன் கீழ் சான்றளிக்கும் அமைப்புகளுக்கெல்லாம் மேலே ஒரு கட்டுப்பாட்டாளர், அவர் நம்பச் சொன்னவரை நம் கணினி நம்பவேண்டும் என்று குரு பரம்பரை முழுவதையும் விளக்கினார். டீச்சர் அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு வந்திருந்தார்.

அப்புறம் அதை அச்சிட்டார். அவரிடம் இருப்பது கறுப்பு வெள்ளை பிரின்டர். பச்சை டிக் சாம்பல் நிறத்தில் வந்தது.

கணினி படிக்கும் பேரன் ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். அந்தக் கையொப்பம் கோப்புக்குள்தான் உயிரோடு இருக்கும், தாத்தா; பேப்பர்ல வந்துட்டா அது வெறும் மைதான், யாரும் அதை வெச்சு எதையும் சரிபார்க்க முடியாது, பேப்பர்ல இருக்கற க்யூஆர் கோடைத்தான் ஸ்கேன் பண்ணணும் என்றான். சார் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அது சரி. ஆனா டிக் இருந்தா கவுன்டர்ல கேள்வி கேக்க மாட்டான்" என்றார். முப்பத்தைந்து வருஷம் கவுன்டரில் இருந்தவர் சொல்வதை எப்படி மறுப்பது?

மற்ற பழக்கங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இறக்கிய கோப்புக்குப் பெயர் மாற்றமாட்டார்; அவர் கணினியில் ஸ்கேன்0001 முதல் ஸ்கேன்0340 வரை வரிசையாக இருக்கிறது, எது எதுவென்று அவருக்கு மட்டும் தெரியும். படுக்கைவசத்தில் ஸ்கேன் செய்து ஏற்றிய அரசாணைகளைத் திருப்பாமல் கழுத்தைச் சாய்த்தே படித்துவிடுவார். இடது தோளில் நிரந்தர வலி. அது தலையணையால் வந்தது என்கிறார்.

அவருடைய பொற்காலம் 2025 நவம்பர். வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தமிழ்நாட்டுக்கு வந்தது. படிவத்தில், முந்தைய தீவிரத் திருத்தப் பட்டியலில் உங்கள் பெயரோ உறவினர் பெயரோ எங்கே இருக்கிறது என்று எழுதவேண்டும். அது 2002, 2005-ஆம் ஆண்டுப் பட்டியல். அப்போது எந்தத் தெருவில் குடியிருந்தோம் என்பதே பலருக்கு நினைவில்லை. நினைவிருந்தாலும் தொகுதி இருக்கவேண்டுமே? 2008 மறுவரையறையில் சென்னையின் புரசைவாக்கமும் பூங்காநகரும் தொகுதிப் பெயர்களாக இல்லாமல் போய்விட்டன. இருக்கும் தொகுதியைத் தேடினால் இல்லாத பழைய எல்லை. பழைய தொகுதியைச் சொன்னால் இன்றைய பிள்ளைகளுக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. அந்த நாட்களில் சார் வீட்டு வாசலில் திருமணத்துக்கு வந்ததுபோலச் செருப்புகள். பாகம் பாகமாகக் கோப்பை இறக்கி, பக்கம் பக்கமாகப் புரட்டி, "இதோ உங்க மாமனார்!" என்று கண்டெடுத்துக் கொடுத்தார். ஒரு மருமகள் அந்த வரியைக் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு அழுதுவிட்டார். மாமனார் போய்ப் பதினைந்து வருஷம் ஆகிறது.

எழுத்தைத் தட்டித் தேடும் கோப்பாக இருந்தால் இந்தப் புரட்டலே வேண்டாமே என்றால், அது வேறு கதை. வாக்காளர் பட்டியலைத் தேடக்கூடிய எழுத்துக் கோப்பாகத் தரவேண்டும் என்ற கோரிக்கையை உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்கவில்லை. யாராவது விவரங்களை மொத்தமாக அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற கவலையில் நியாயம் உண்டு. மற்ற ஆவணங்களுக்கு என்ன நியாயம்? தமிழ் 99 விசைப்பலகை வந்த 1999-இலேயே எழுத்துக் குறியீட்டுக்குத் தரம் வைத்தார்கள். 2010-இல் கோவை செம்மொழி மாநாட்டின்போது யூனிகோடே அரசின் தரம் என்று ஆணையும் வந்தது. இருந்தும் பழைய எழுத்துருவில் தட்டிய ஆவணத்திலிருந்து ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகச் சந்தைச் சரக்கு கொட்டுகிறது. கண்ணுக்கு முன்னால் தமிழில் தெரியும் சொந்த ஊரின் பெயரைத் தேடச் சொன்னால், இல்லை என்கிறது கணினி. இன்னொரு வகை, தட்டச்சு செய்த தாளை அச்சிட்டு, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, மறுபடி ஸ்கேன் செய்து ஏற்றியது. அதில் தேட எழுத்தே கிடையாது, முழுப் பக்கமும் ஒரு படம். கண் தெரியாதவருக்குக் கணினி படித்துக் காட்டவும் அதில் ஒன்றுமில்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல் வந்தது. யாரும் கேட்காமலே தகவலைத் தாங்களாக வெளியிடுங்கள் என்று அதன் நான்காம் பிரிவு அலுவலகங்களுக்குச் சொல்கிறது. பொதுமக்கள் எளிதில் பெறும் வடிவில் இருக்கவேண்டும், உள்ளூர் மொழியைக் கருத்தில் கொள்ளவேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அரசு இணையதளம் எப்படி இருக்கவேண்டும் என்று மத்திய அரசு 2009-இல் ஒரு வழிகாட்டி நூலே போட்டது. 2018-இலும் 2023-இலும் அதைத் திருத்தியும் வெளியிட்டது. ஆக, யாருக்கும் தெரியாமல் இல்லை. ஏற்றியாகிவிட்டது, கடமை முடிந்தது, இறக்குவது உன் பாடு.

இதில் வெப்சைட் சார்மேல் ஒரு நிஜமான வருத்தம் உண்டு. இத்தனை வளைவு நெளிவும் அவருக்குப் பிடித்திருக்கிறது. ஒரு தளம் ஒழுங்காக, முதல் பக்கத்திலேயே, தமிழில், பூட்டில்லாமல் விஷயத்தைச் சொல்லிவிட்டால் அவர் முகம் வாடுகிறது. "என்ன, பொசுக்குனு வந்துடுச்சு?" என்கிறார் சந்தேகமாக. வருவாய்த் துறைச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் அறுபது ரூபாய் கொடுத்துவிட்டு வந்த ஒருவரைப் பார்த்து, "அறுபது ரூபாயா? எல்லாம் வெப்சைட்லயே இருக்கே, நானே பண்ணித் தந்திருப்பேனே!" என்று பதறினார். அந்த மனிதருக்கு அரை மணியில் வேலை முடிந்திருந்தது. டீச்சருக்கு மூன்று பிற்பகல்களும் ஒரு குக்கர் பருப்பும் போயின. போன மாதம் டீச்சர் ஓர் அலுவலகத்துக்குப் போய்க் கவுன்டரில் ஒரு விவரம் கேட்டார். உள்ளே இருந்த இளைஞர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "எல்லாம் வெப்சைட்லயே இருக்கும்மா." டீச்சர் வீட்டுக்கு வந்து, "அந்தப் பையன் அப்படியே உங்க மாதிரியே பேசினான் சார்" என்றார். சார் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

நவம்பர் வந்தால் பென்ஷன்காரர்கள் தாங்கள் உயிரோடு இருப்பதை நிரூபிக்கவேண்டும். 2014-இலிருந்து அதையும் மின்னணு முறையில் செய்யலாம். சார் ஒவ்வொரு வருஷமும் முதல் தேதியே கட்டைவிரல் வைத்துவிடுவார். இந்த முறை விரல் பதியவில்லை. ரேகை தேய்ந்துவிட்டது. எண்ணெய் தேய்த்தார், சோப்புப் போட்டார், எலுமிச்சம்பழத் தோலால் துடைத்தார், கருவி அசையவில்லை. முகத்தைக் காட்டினாலே போதும் என்ற வசதி 2021-இலேயே வந்துவிட்டது. ஆனால் ஒருவர் கைபேசியைப் பிடித்துக்கொள்ளவேண்டும். பேரன் கல்லூரியில் இருந்தான். டீச்சர் இறங்கி வந்தார்.

"கண்ணாடியைக் கழட்டுங்க சார். நேரா பாருங்க. கண்ணைச் சிமிட்டுங்க." டீச்சர் குரலில் ஒன்றாம் வகுப்பு வந்துவிட்டது. சார் சிமிட்டினார். பச்சை வட்டம் வரவில்லை. "நல்லா, மெதுவா." மறுபடி சிமிட்டினார். சிவப்பில் 'புதியது' என்று மின்னுமே, அதே வேகத்தில். ஐந்தாவது தடவை பிடித்துக்கொண்டது. குறுஞ்செய்தியில் ஓர் எண் வந்தது. அதை எடுத்துக்கொண்டு மடிக்கணினிக்கு ஓடினார். முகப்பு, மெனு, கட்டம், அந்தப் படத்தில் உள்ள கோணல் எழுத்து, ஒருவழியாகச் சான்றிதழ் இறங்கியது. கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படிக்க ஆரம்பித்தார். மேலே அவர் பெயர் இருந்தது, குடியிருப்பில் யாரும் சொல்லாத அந்தப் பெயர்.

டீச்சர் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே கேட்டார்: "என்ன சார், உசுரோட இருக்கீங்களா?"

"இருக்கேன் டீச்சர்," என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "வெப்சைட்லயே இருக்கு."